மில்லிபாரும் சனிக்கிழமைப் புயலும்

திருகோணமலையில் மில்லிபாரைக் கேட்காமல் எந்தக் காற்றும் வீசியதில்லை. நான் சொல்லவில்லை, அவர் நடந்துகொண்ட விதம் அப்படி. கச்சான் காற்று ஒரு கிழமை பிந்தினால் ஊரே அவரிடம்தான் வந்து காரணம் கேட்கும். அவரும், மாப்பிள்ளை பிந்தி வரும்போது பெண்ணின் தகப்பன் நெளிகிற மாதிரி நெளிந்து, "வந்திடும், வந்திடும், வழியில கொஞ்சம் சுணக்கம்" என்று காற்றுக்காக மன்னிப்புக் கேட்பார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஒருமுறை புதுத் தபால்காரன் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு கடிதத்தோடு வந்தபோது, "அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை" என்று அவரே திருப்பி அனுப்பப் பார்த்தார். காற்றின் பாரத்தை மில்லிபார் கணக்கில்தான் அளப்பார்களாம். நாள் முழுக்க அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டிருந்த மனுசனுக்கு அதுவே பெயராகிவிட்டது.

உங்களைச் சிரிக்கவைக்கத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் வெட்கப்படவேண்டிய ஆள் மில்லிபார் இல்லை, நான்தான்.

அப்போது நான் உட்துறைமுகக் கரையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் தட்டெழுத்தாளன். இன்று அந்தக் கம்பெனியும் இல்லை, கட்டிடமும் இல்லை. மில்லிபார் அங்கே ஸ்டோர் கீப்பர். கயிறு, தார், பெயின்ற், சங்கிலி எல்லாம் அவர் பொறுப்பு. கடைசி வெள்ளைக்கார மனேஜர் ஊருக்குத் திரும்பும்போது நாயை ஒருவருக்கும் பியானோவை ஒருவருக்கும் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரு கண்ணாடிப் பெட்டியையும் ஒரு தடித்த புத்தகத்தையும் மில்லிபாரிடம் கொடுத்தாராம். நாயைப் பெற்றவர் கொடுத்துவைத்தவர். அது நாலு வருடத்தில் செத்துப்போனது. பெட்டி மில்லிபாரை முப்பது வருடம் விடவில்லை.

அந்தப் பெட்டிக்குள் ஓர் உருளை. சாவி கொடுத்தால் ஒரு நாளில் ஒரு சுற்றுச் சுற்றும். உருளையில் கோடு போட்ட தாள், தாளைத் தொட்டுக்கொண்டு ஒரு மைப்பேனை. காற்றின் பாரம் கூடினால் பேனை மேலே போகும், குறைந்தால் கீழே இறங்கும். தினமும் காலை எட்டு மணிக்குத் தாள் மாற்றவேண்டும். ஞாயிறு, போயா, பொங்கல் என்று ஒரு விடுமுறையும் அவருக்குக் கிடையாது. மகளின் கலியாணத்தன்று முகூர்த்தம் எட்டு மணிக்கு வந்து தொலைத்தது. ஐயரின் காதில், "ஒரு பத்து நிமிசம் மந்திரத்தை இழுங்கோ" என்று சொல்லிவிட்டு, பட்டு வேட்டியோடு சைக்கிளில் கந்தோருக்குப் பறந்தார். தாலி கட்டும் நேரம் மில்லிபாரின் விரலெல்லாம் மை.

புத்தகம் இன்னும் மோசம். அது சீமைக்காரருக்காக எழுதியது. அதன்படி வானத்தில் காற்று பெரும் பெரும் திணிவுகளாக நகருமாம். வடக்கிலிருந்து குளிர்ந்த வளித்திணிவு ஒன்று வரும், தெற்கிலிருந்து சூடானது ஒன்று வரும். இரண்டும் முட்டுகிற எல்லைக்கு வளிமுகம் என்று பெயர். இதைக் கிண்ணியா இறங்குதுறையை வைத்துத்தான் அவர் எங்களுக்கு விளக்குவார்.

"தோணி வருது. நெல்லு மூட்டையோட ஒருத்தன் இறங்கப் பாக்கிறான். பஞ்சு மெத்தையோட ஒருத்தன் ஏறப் பாக்கிறான். முட்டினா ஆர் மேல எழும்புவான்?"

"மெத்தைக்காரன், ஐயா."

"அதுதான் வளிமுகம்! மூட்டைக்காரன் குளிர் காத்து. அடியால பூந்து மற்றவனைத் தூக்கி எறிவான். எறிஞ்ச இடத்தில மேகம், மழை."

இரண்டு வருடம் திருகோணமலை வானத்தில் வளிமுகம் தேடினார். குளிர்காற்று முட்டினால் உடம்பில் தெரியவேண்டும் என்று, சித்திரை வெயிலில் வெறும் மேலோடு, கந்தோருக்கு முன்னால் படகு கட்டும் ஜெட்டியின் முனையில் நிற்பார். முதுகுத் தோல் உரிந்ததுதான் மிச்சம். ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்தார்.

"இது அவையளின்ர புத்தகம், தம்பி. இஞ்ச எங்க குளிர் கிடக்கு? எல்லாம் சூடுதான். எங்கட புயலுக்கு முகமும் இல்லை, முதுகும் இல்லை. அது கடலில அவியிற புட்டு."

அன்றிலிருந்து புட்டுப் பானைதான் பாடம். "ஐப்பசி, கார்த்திகையில வங்காள விரிகுடா நல்லாச் சூடேறிக் கிடக்கும். ஆவி எழும்பும். மேல போய் மழைத் துளியாகேக்க தன்ர சூட்டை அங்க விட்டிடும். அந்தச் சூட்டில காத்து இன்னும் மேல போகும், கீழ பாரம் குறையும். குறைஞ்ச இடத்துக்கு நாலு பக்கத்தாலையும் காத்து ஓடி வரும். பூமி சுத்திறபடியால நேர வர ஏலாது. வளைஞ்சு வளைஞ்சு இடப்பக்கமாச் சுத்தும். சுத்தத் தொடங்கினா, கடல் சூடா இருக்குமட்டும் அடுப்பு நூராது." இதற்காகவே தேநீர்க் கடையில் சீனியை இடப்பக்கமாகத்தான் கலக்கவேண்டும் என்று எங்களுக்குக் கட்டளை. வலப்பக்கம் கலக்கினால், "நீரென்ன அவுஸ்திரேலியாவோ?" என்று கேட்பார். அங்கே, பூமியின் தெற்குப் பாதியில், புயல் வலப்பக்கமாகச் சுற்றுமாம்.

எங்கள் நாடுகளில் காற்றின் பாரம் தினமும் இரண்டு தரம் ஏறி இறங்கும். காலை பத்து மணிக்கு உச்சம், பின்னேரம் நாலு மணிக்கு அடி. பெட்டியின் தாளில் அது அலை அலையாகத் தெரியும். "லீவு கேக்கப் போறீரோ? பத்து மணிக்குப் போம். நாலு மணிக்குப் போகாதையும், மனேஜருக்கும் அமுக்கம் இறங்கிப்போய் இருக்கும்" என்பார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அது பலித்தது. தினமும் பத்து மணிக்கு மனேஜரின் கதவுக்கு முன்னால் ஏன் வரிசை நிற்கிறது என்பது அந்த மனுசனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அவருடைய இன்னொரு வித்தை, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடது கையை நீட்டுவது. நீட்டிய பக்கத்தில்தான் தாழமுக்கம், அதாவது காற்றின் பாரம் குறைந்த இடம், இருக்கும். காற்று எழும்பினால் போதும், சந்தையோ கோயிலோ, அப்படியே திரும்பிக் கையை நீட்டிவிடுவார். எங்கள் கந்தோர் ஓவர்சியர் ஒருவரின் செத்தவீட்டில் பாடையைத் தூக்கும் நேரம் ஒரு காற்று எழும்பியது. மில்லிபார் பாடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கையை விறைப்பாக நீட்டினார். நீட்டிய திசையில் நின்றது செத்தவரின் மருமகன். தன்னைத்தான் காட்டுகிறார் என்று நினைத்து அந்த மனுசன், "நான் மாமாவை நல்லாத்தான் பாத்தனான், ஐயா!" என்று விம்மி விம்மி அழத் தொடங்கிவிட்டான்.

சிரித்தோம். ஆனால் ஒரு விசயத்தில் ஒருவரும் சிரிப்பதில்லை. கம்பெனியின் மோட்டார் லோஞ்சு, இரண்டு தட்டைப் படகுகளைக் கட்டி இழுத்துக்கொண்டு, கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூர்ப் பக்கம் நெல் ஏற்றப் போகும். பேனை வழக்கத்துக்கு மாறாக இறங்கினால் மில்லிபார் ஜெட்டிக் கம்பத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். கட்டினால் லோஞ்சு போகாது. கம்பெனிச் சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் லோஞ்சை ஓட்டிய தண்டையல் காசிம் காக்கா, "சிவப்புக் கிடந்தா நான் கால் வைக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டார். கயிறும் தாரும் எண்ணிக்கொண்டிருந்த ஒரு மனுசனுக்கு அந்தத் துணிதான் மானம், மரியாதை எல்லாம்.

அதைத்தான் நான் கெடுத்தேன்.

காசிம் காக்காவின் மகன் நிசார் என்னோடு கந்தோரில் கிளார்க். கிண்ணியாக்காரன். என் உயிர்ச் சிநேகிதன். சைக்கிள் ஓட்டத் தெரியாது, எங்கே போனாலும் என் சைக்கிள் கரியரில்தான். ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். மில்லிபார் கிளிவெட்டியில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். நிசார் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், மலையில ஏறினா காத்துப் பாரம் குறையும் எண்டு புத்தகத்தில கிடக்காம். இதை ஏத்திப் பாப்பமா?"

நல்ல புத்தி உள்ளவன் வேண்டாம் என்று சொல்லியிருப்பான். நான் சைக்கிளை எடுத்தேன். நிசார் பின்னால் இருந்து பெட்டியை ஒரு தலையணையில் வைத்து, பச்சைப் பிள்ளையைப் போல மடியில் பிடித்துக்கொண்டான். கோட்டை வாசலால் நுழைந்து, உள்ளே மேய்கிற மான்களைக் கடந்து, சைக்கிளைச் சாத்திவிட்டுச் சுவாமி மலையில் ஏறினோம். ஏற ஏற, பேனை இறங்கியது! நாங்கள் இரண்டு பேரும் கூத்தாடினோம். பாதி வழியில் இளநீர் குடித்தோம். உச்சியில், கோயிலடியில், பேனை பதின்மூன்று கோடு இறங்கி நின்றது. திரும்பி வந்து பெட்டியை அதன் இடத்தில் வைத்தபோது பேனையும் தன் இடத்துக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை அவரிடம் சொல்லி, "ஐயா, உங்கட பெட்டி சரியாத்தான் வேலை செய்யுது" என்று சொல்லத்தான் இருந்தோம். சத்தியமாகச் சொல்லுகிறேன்.

திங்கட்கிழமை மில்லிபார் கந்தோர் வாசலிலேயே நின்றார். கையில் அந்தத் தாள். கண்ணில் நீர்.

"தம்பி! எங்கட தலைக்கு மேலால போயிருக்கு!"

"என்னது ஐயா?"

"குஞ்சுப் புயல்! ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள பதின்மூண்டு மில்லிபார் இறங்கி ஏறியிருக்கு. உலகத்தில ஒருத்தரும் காணாத சாமான். நான் பாவி, கிளிவெட்டியில இருந்து சோறு திண்டிருக்கிறன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என் தோளைப் பிடித்தார். "நீர் அண்டைக்கு இஞ்சதானே இருந்தனீர்? மூண்டரை மணி போல காத்து ஏதும் அடிச்சதோ?"

சொல்லவேண்டிய நேரம் அதுதான். நிசார் பின்னால் நின்று சிரிப்பை அடக்க முடியாமல் என் முதுகில் கிள்ளினான். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, வாய் தானாகச் சொன்னது.

"ஓம் ஐயா. கந்தோர் முத்தத்து வாழையில இலையெல்லாம் சுழண்டடிச்சது."

"எந்தப் பக்கமா?"

"இடப்பக்கமா, ஐயா."

மில்லிபார் என்னைக் கட்டிப்பிடித்தார்.

அன்று பின்னேரமே கொழும்பு வானிலைக் கந்தோருக்குக் கடிதம். நாலு பக்கம். அவர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டினேன். கண்ணால் கண்ட சாட்சி என்று என் பெயரும் அதில் இருந்தது. என் பெயரை நானே தட்டினேன். சும்மா இருந்தேனா? அவருடைய இங்கிலீசைத் திருத்தி, இரண்டு பெரிய சொற்களையும் சேர்த்துவிட்டேன். மடையன்.

கொஞ்ச நாளில் பதில் வந்தது. மரியாதையான இரண்டு வரி. வேறெந்த இடத்திலும் அப்படி ஒன்று பதிவாகவில்லை, தயவுசெய்து உங்கள் கருவியைப் பரிசோதிக்கவும். எங்கள் மனேஜர் அதை எடுத்து அறிவித்தல் பலகையில் குத்திவிட்டார். அதன்பிறகு ஊர் விடுமா? "ஐயா, இந்தச் சனிக்கிழமையும் வருமோ? உடுப்புக் காயப் போட்டுக் கிடக்கு." "என்ர வீட்டுக் கோழி ஒண்டைக் காணேல்லை ஐயா, உங்கட புயல்தான் கொண்டுபோயிருக்கும்." தேநீர்க் கடையில் எல்லோரும் அவரைக் கண்டதும் சீனியை வலப்பக்கமாகக் கலக்கினார்கள். அவர் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

அடுத்தது சிவப்புத் துணி. "பிழையான பெட்டியைப் பாத்து லோஞ்சை மறிக்க ஏலாது" என்று மனேஜர் அதை வாங்கித் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மில்லிபார் அதைக் கொடுக்கும்போது நாலாக மடித்து, சுருக்கம் எடுத்துக் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நிசார் இரண்டு தரம் கேட்டான், "சொல்லுவமா மச்சான்?" என்று. "பொறு, கொஞ்சம் ஆறட்டும்" என்றேன். எதை ஆறவிட்டேனோ தெரியாது.

அடுத்த மார்கழி வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தே காலுக்கு மில்லிபார் ஸ்டோரிலிருந்து வெளியே வந்து, யாரிடமென்று இல்லாமல் சொன்னார்.

"பத்து மணிக்கு ஏறேல்லை."

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் தவறாமல் வருகிற அந்த அலை அன்று தாளில் இல்லை. ஏறவேண்டிய நேரத்தில் கோடு வழுக்கிக்கொண்டிருந்தது. அவர் ஜெட்டிக்குப் போய், வடக்கிலிருந்து வந்த காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடது கையை நீட்டினார். கை நேராகக் கிழக்கே, வெளிக் கடலைக் காட்டியது. பிறகு மனேஜரிடம் போனார்.

"சேர், இண்டைக்கு லோஞ்சு வேண்டாம்."

"என்ன, சனிக்கிழமைப் புயலோ? இண்டைக்குச் செவ்வாய், ஐசே!"

கந்தோரே சிரித்தது. நானும் சிரித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் சிரித்தேன்.

மில்லிபார் லோஞ்சடிக்குப் போனார். காசிம் காக்கா ஆட்களோடு கயிறு எடுத்துக்கொண்டிருந்தார். "துரை போகச் சொல்லிட்டார் ஐயா. உங்கட பெட்டியும் முந்தி ஒருக்கா..." என்று சொல்லவந்து, மிச்சத்தைச் சொல்லாமல் கடலைப் பார்த்தார். மில்லிபார் சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போனார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். வந்து, ஜெட்டிக் கம்பத்தில் தன் மனைவியின் கூறைச் சேலையைக் கட்டினார்.

வீட்டில் வேறு சிவப்புத் துணி இல்லையாம். "கொண்டுபோங்கோ, எனக்கென்ன இன்னொரு கலியாணமே நடக்கப்போகுது?" என்று அந்த அம்மா எடுத்துக் கொடுத்ததாகப் பிறகு அறிந்தேன். சரிகைக் கரை போட்ட சிவப்புச் சேலை ஆறு யார் நீளமும் காற்றில் விரிந்து படபடத்தது. சுமை தூக்குகிறவர்கள் விசிலடித்தார்கள். மனேஜர் வெளியே ஓடிவந்து, "கழட்டும் காணும் அதை!" என்று கத்தினார். மில்லிபார் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

நிசார் என் மேசைக்கு வந்தான். முகம் வெளிறிப்போய் இருந்தது.

"மச்சான், வாப்பா போகப்போறார். வா, ரெண்டு பேரும் போய்ச் சொல்லுவம்."

"நீ போ, நான் வாறன்" என்றேன்.

அவன் போனான். நான் போகவில்லை. நான் இன்னும் நிரந்தரமாகாத தட்டெழுத்தாளன், வீட்டில் அம்மா, கலியாணம் ஆகாத இரண்டு தங்கச்சிகள் என்று காரணங்கள் வரிசையாக வந்தன. காரணங்களுக்கா பஞ்சம்? அவனுக்கும் தங்கச்சிகள் மூன்று பேர். பயம், வேறொன்றும் இல்லை. தட்டெழுத்து இயந்திரத்துக்கு முன்னால் கதிரையில் ஒட்டிக்கொண்டு, யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிசார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மனேஜருக்கு முன்னால் போய் நின்றான். "சேர், அண்டைக்குப் பெட்டியை மலையில ஏத்தினது நான்தான். ஏத்தினபடியாத்தான் பேனை இறங்கினது. பெட்டி பொய் சொல்லேல்லை. பொய் சொன்னது நான்." என் பெயர் அவன் வாயில் வரவில்லை.

காசிம் காக்கா லோஞ்சிலிருந்து குதித்து வந்து மகனின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு திரும்பிப் போய், எடுத்த கயிற்றை மறுபடியும் கட்டையில் சுற்றினார். "மன்னிக்கோணும் சேர். சிவப்புக் கிடக்கு. நான் போகமாட்டன்."

மில்லிபார் என்ன செய்தார் தெரியுமா? கோபம் வந்திருக்கவேண்டும். அழுதிருக்கவேண்டும். ஒன்றும் இல்லை. கம்பத்தை விட்டுவிட்டு நிசாரிடம் வந்தார்.

"எந்த மலை?"

"சுவாமி மலை, ஐயா."

கண்ணை மூடி விரல்விட்டு எண்ணினார். "ஒரு மில்லிபாருக்கு இருபத்தெட்டு அடி உயரம். பதின்மூண்டால பெருக்கினா முந்நூத்தி அறுபத்திநாலு. சரி! அச்சாச் சரி!" மனேஜரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தீங்களே சேர்? மலையையே அளந்துபோட்டுது!"

மனேஜர் கையை உதறிவிட்டு, நிசாரை அந்த இடத்திலேயே வேலையிலிருந்து நிறுத்தினார். அப்போது மில்லிபார் ஒருதரம் என் யன்னலைப் பார்த்தார். நான் குனிந்து தட்டத் தொடங்கினேன். என்ன தட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு மணிக்கு மழை. மூன்று மணிக்குக் காற்று. நாலு மணிக்குக் கந்தோர்க் கூரைத் தகரம் ஒவ்வொன்றாகக் கழன்று குடாவுக்கு மேலால் பறந்தது. தட்டைப் படகுகளில் ஒன்று றோட்டில் வந்து கிடந்தது. பிறகு திடீரென்று எல்லாம் நின்றது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. முடிந்தது என்று சனம் வெளியே வந்தது. மில்லிபார் ஈர வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கடற்கரைத் தெரு நீளத்துக்கு ஓடினார். "உள்ளுக்குப் போங்கோ! இது அதின்ர கண்! பாதிதான் முடிஞ்சது! மற்றப் பக்கத்தால அடிக்கப்போகுது!" அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அரை மணியில் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து, நின்ற மதில்களையும் தள்ளியது.

அந்தப் புயலில் எங்கள் கரை பட்ட பாடு சிரிக்கிற கதை இல்லை. ஆகவே அதை இங்கே எழுதமாட்டேன். ஒன்று மட்டும் சொல்லுகிறேன். லோஞ்சு அன்று போயிருந்தால் அதில் காசிம் காக்காவோடு ஏழு பேர்.

மனேஜர் கொழும்புக் கடிதத்தைப் பலகையிலிருந்து கிழித்து, அலுமாரியைத் திறந்து சிவப்புத் துணியைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். நிசாரை மட்டும் திருப்பி எடுக்கவில்லை. அவன் கிண்ணியாவில் ஒரு கடை போட்டான் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது? கந்தோர் வேலையாகக் கிண்ணியாவுக்குப் போகச் சொன்னால் காய்ச்சல் என்று லீவு போட்டேன். அதையும் வெட்கமில்லாமல் பத்து மணிக்கே போய்க் கேட்டேன்.

மில்லிபார் என்னோடு எப்போதும்போலத்தான் இருந்தார். அதே தம்பி, அதே புட்டுப் பானை. ஆனால் காற்று அடித்ததா என்று என்னிடம் மட்டும் அதன்பிறகு ஒருநாளும் கேட்டதில்லை. காவற்காரனைக் கேட்பார், தேநீர் கொண்டுவருகிற மனுசியைக் கேட்பார். ஒருநாள் நான் பக்கத்தில் நிற்க, கந்தோர் நாயைப் பார்த்து, "என்னடா, விடியக் காத்து இருந்ததோ?" என்று கேட்டார்.

பதினாறு வருடம் இப்படிப் போனது. அவர் ஓய்வுபெறுகிற நாள் என்னை ஸ்டோருக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு பழைய தாள் விரித்திருந்தது. சனிக்கிழமைப் புயல். கோட்டில் பென்சிலால் பொடி எழுத்துகள். இறக்கம் தொடங்கும் இடத்தில் "கோட்டைப் பக்கம்". அடியில் "கோயில்". நடுவில் கோடு படி மாதிரித் தட்டையாகப் போகிற இடத்தில் ஒரு கேள்விக்குறி.

"இந்த இடத்தில கால் மணித்தியாலம் பேனை அசையேல்லை, தம்பி. பதினாறு வருசமா யோசிச்சுப் பாக்கிறன், பிடிபடுதில்லை. இதென்ன?"

கதவுப் பக்கம் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"இளநி குடிச்சனாங்கள், ஐயா."

"ஆ!" என்று காதிலிருந்த பென்சிலை எடுத்து, கேள்விக்குறியை அழித்து, அந்த இடத்தில் "இளநி" என்று எழுதினார். எழுதிவிட்டு ஊதினார்.

"உங்களுக்கு எப்ப தெரியும் ஐயா?"

"அவன் சேரிட்டச் சொன்ன அண்டைக்கே தெரியும். நிசாருக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. மையும் ஒரு சொட்டுச் சிந்தேல்லை. ஒருத்தன் ஓட, ஒருத்தன் மடியில வைச்சிருந்திருக்கவேணும். பிறகு போய் முத்தத்தைப் பாத்தனான்." கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "எங்கட கந்தோர் முத்தத்தில வாழை எங்க காணும் நிண்டது?"

இல்லை. எங்கள் முற்றத்தில் ஒருநாளும் வாழை நின்றதில்லை. வெறும் சீமெந்து. இத்தனை வருடமாக எனக்கும் அது தோன்றவில்லை.

"ஏன் ஐயா என்னை ஒண்டும் கேக்கேல்லை?"

"தாழமுக்கம் தானாத்தான் நிரம்பவேணும், தம்பி. நாங்கள் ஊதி நிரப்ப ஏலாது." தாளை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தார். "இதை நீர் வைச்சிரும். ஆனா என்னட்ட மட்டும் சொன்னது காணாது. கிண்ணியாவுக்குப் போம்."

அடுத்த நாள் போனேன். நிசாரின் கடை பெரிதாகத்தான் இருந்தது. அவன் தலை நரைத்து, மூக்கில் கண்ணாடியோடு, ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். தராசை மெதுவாக வைத்தான்.

"நான் வாறன் எண்டு சொன்னனி" என்றான். "வந்திட்டாய்."

அவ்வளவுதான். நான் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். "அழாதடா, யாவாரம் நடக்கிற நேரம், நான் ஏமாத்திப்போட்டன் எண்டு நினைக்கப்போறாங்கள்" என்று அவசரமாக ஆள் அனுப்பி இரண்டு இளநீர் எடுப்பித்தான். குடித்து முடிந்ததும் கேட்டான்.

"ஐயா எப்பிடி இருக்கிறார்?"

"பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோறார். மனுசி பாவம்."

சிரித்தான். கடைக்கு வெளியே கச்சான் காற்று மேற்கிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்தது. நிசார் தெருவில் இறங்கி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடது கையை நீட்டினான். நானும் இறங்கி, அவன் பக்கத்தில் நின்று நீட்டினேன். நரைத்த ஆண்கள் இரண்டு பேர் நடுப் பசாரில் நிற்கிற கோலத்தைப் பார்த்துச் சனம் சிரித்தது. எங்கள் கைகள் வடக்கே, தண்ணீருக்கு அப்பால், திருகோணமலையைக் காட்டின. அந்தப் பக்கம்தான் மில்லிபாரின் வீடு.